மறந்து உண்டவரின் நோன்பு

அன்பு மகன் ஹபீபுக்கு அம்மா எழுதுவது. அல்லாஹ்வின் சாந்தி உன்மேல் இருக்கட்டும். இதுவரை உனக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் "இங்கு அத்தாவும் நானும் நலம்" என்றுதான் தொடங்கியிருக்கிறேன். கை தானாகவே எழுதிவிடும். இன்று பேனாவை எடுத்ததும் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். அது உண்மையாக இருந்து வெகுநாளாகிறது, தம்பி. அதை உண்மைபோல எழுதி எழுதி அனுப்பியதன் பலனை நீ போன பிறகுதான் கண்ணால் கண்டேன். அதனால் இந்தத் தடவை நலம் விசாரிப்பு இல்லாமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு அறைக்கு வந்து, கை கால் கழுவிக்கொண்டு, நிதானமாக உட்கார்ந்து படி.

திருச்சியிலிருந்து நீ எழுதிய கடிதம் வந்தது. அதை மூன்று நாளாகப் படித்தேன். உன் வாத்தியார் பயிற்சியில் இப்போது நடத்துகிற பாடம் என்று, பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது எப்படிப் புரிய ஆரம்பிக்கிறது என்பதை எனக்குப் புரியும் தமிழில் எழுதியிருக்கிறாய். பீங்கான் சுற்றி வரும் பழைய பத்திரிகைத் தாளை வைக்கோலிலிருந்து பிரித்துப் பிரித்து எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவள் உன் அம்மா. எனக்கே விளங்கியதென்றால் நீ நல்ல வாத்தியாராக வருவாய், சந்தேகமே இல்லை. சீமையில் ஒரு பண்டிதர் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து கோலி ஆடினாராம், கதை சொல்லிக் கேள்வி கேட்டாராம். ஒரு பையன் சாப்பிடப் போகையில் கதவைத் தள்ளுகிறான், அதற்குப் பின்னால் தட்டு நிறையக் கோப்பை இருந்தது அவனுக்குத் தெரியாது, எல்லாம் உடைந்துபோகிறது. இன்னொருவன் அம்மா இல்லாத நேரத்தில் பழப்பாகைத் திருட அலமாரியில் ஏறுகிறான், ஒரே ஒரு கோப்பை உடைகிறது. எவன் கெட்டவன் என்று கேட்டால், சின்னஞ்சிறுசுகள் நிறைய உடைத்தவனைக் காட்டுகின்றனவாம். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள்தான், அவன் என்ன நினைத்துச் செய்தான் என்று பார்க்கிறார்களாம். ஆட்டத்தின் விதியும் அப்படித்தான். சின்னவர்களுக்கு அது பெரியவர்கள் போட்டது, மாற்றவே கூடாதது. வளர்ந்தவர்களுக்கு, ஆடுகிறவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டால் மாற்றிக்கொள்ளலாம். இப்படிப் படிப்படியாக ஏறுவதை ஓர் ஏணி என்று எழுதியிருந்தாய்.

படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பண்டிதர் செங்கற்பட்டுக் கடைத்தெருவில் நம் பீங்கான் கடைக்குப் பின்னால் குடியிருந்தாரோ என்றுகூட நினைத்தேன். ஆனால் கடைசிப் பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. "அத்தா நோன்பில் சாப்பிடுகிறார் என்று உங்களுக்கு முன்பே தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தீர்கள். அது பயம். பெரியவர் கோபித்துக்கொள்வார் என்று உண்மையை மறைப்பது இந்த ஏணியில் முதல் படி, அம்மா. நான் உண்மையைச் சொன்னேன். அத்தா கூப்பிட்டால் வருகிறேன். அதுவரை வரமாட்டேன்." இப்படி எழுதியிருந்தாய். என்னை முதல் படியில் நிறுத்தியதில் எனக்கு வருத்தமில்லை. நீ எழுதிய அந்தக் கடைசி இரண்டு வாக்கியத்துக்குத்தான் இந்தப் பதில்.

உனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும்போது நடந்ததை நினைத்துப் பார். ஐப்பசி மழை. வண்டியிலிருந்து சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கூடை நனைந்துவிடுமே என்று நம் கடையாள் முனுசாமி அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடிவந்து, வாசல் கல்லில் சறுக்கி விழுந்தான். கூடை நிறைய டீக் கோப்பை, ஒன்றுகூட மிஞ்சவில்லை. அத்தா ஓடிப்போய் அவன் முழங்காலைத்தான் பார்த்தார். "எலும்பு கீதா, போச்சா? உசிரோட கீறியே, அது போதும், எழுந்திருடா" என்றார். அதே வாரம்தான் நீ பெருநாளுக்கு எடுத்து வைத்திருந்த அல்வாவுக்காகப் பரணுக்கு ஏறி, மூடிபோட்ட சீனிக் கிண்ணத்தை உடைத்தாய். அத்தா உன்னை அடிக்கவில்லை, ஆனால் சாயங்காலம் வரை பேசவில்லை. உனக்கோ ஆத்திரம் தாங்கவில்லை. "முனுசாமி அவ்ளோ ஒடச்சான், அவன ஒண்ணும் சொல்லல. நான் ஒண்ணே ஒண்ணுதானே ஒடச்சேன்?" என்று அழுதாய். அத்தா தொப்பியைச் சரிசெய்துகொண்டே கேட்டார்: "அவனுக்குக் கை வழுக்கிச்சு. உனக்கு இன்னா வழுக்கிச்சு?" முனுசாமிதான் மூலையில் நின்று சிரித்துவிட்டான். அப்படித் தீர்ப்புச் சொன்ன மனுஷர் அவர். எந்தச் செயலுக்கும் முன்னால் நிய்யத்து வேண்டும், மனசு என்ன நினைத்ததோ அதுதான் கணக்கு என்று நமக்கு மார்க்கம் சொல்கிறது. அதை அவர் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்திலும் வைத்திருந்தார்.

இனி உனக்கு நான் எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். அத்தாவுக்கு மறதி போன வருஷ மழைக்காலத்திலேயே தொடங்கிவிட்டது. முதலில் சாவியை வைத்த இடம், பிறகு வாடிக்கைக்காரர் பெயர், பிறகு மஸ்ஜிதிலிருந்து வீட்டுக்கு வரும் வழி. டாக்டர் வயசுதான் காரணம் என்று சொல்லி ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். கடைக் கணக்கு முழுதும் என் கைக்கு வந்துவிட்டது. முன்பு நான் எழுதுவேன், அவர் பார்த்துத் தலையாட்டுவார். இப்போது நானே எழுதி, நானே பார்த்து, நானே தலையாட்டிக்கொள்கிறேன். படிக்கிற பிள்ளைக்கு இதையெல்லாம் எழுதி ஏன் மனசைக் கெடுப்பது என்று ஒவ்வொரு தடவையும் "நலம்" போட்டேன்.

நோன்புக்கு முந்திய மாதம் முனுசாமி கையிலிருந்து ஓர் அடுக்குத் தட்டு நழுவிவிட்டது. அவனுக்கும் வயசாகிவிட்டது, முன்போலத் தூக்க முடியவில்லை. அத்தா ஓடிவந்தார். முழங்காலைப் பார்க்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். உடைந்த துண்டுகளுக்கு முன்னால் குந்திக்கொண்டு, "எத்தினி! எத்தினி ஒடச்சிட்டான் பாரு! திருட்டுப் பயலே!" என்று கத்தினார். முனுசாமி கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனாலும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டே என்னிடம் சொன்னான்: "வுடுங்க பீபிம்மா. திட்றது மொதலாளி இல்ல. மொதலாளி இப்போ வெளியில போய்க்கீறாரு." உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வந்தது. உன் பண்டிதர் பிள்ளைகள் ஏணியில் ஏறுவதைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஏறி முடித்த ஒருவர் திரும்ப இறங்கி வருவதை, கீழே நின்று நான் ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடல் காற்று பட்டால் தெளிவு வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, புதுப்பட்டினத்தில் உன் மாமு வீட்டுக்கு அவரை அழைத்துப் போயிருந்தேன். திரும்பும்போது மாமல்லபுரத்தில் பஸ் மாற இறங்கினோம். நான் மூட்டையை எண்ணி முடித்து நிமிர்ந்தால் ஆள் இல்லை. கோயிலுக்குப் போகிற மணலில் தேடிக்கொண்டு போனால், மீன்காரப் பிள்ளைகள் கோலி ஆடுகிற இடத்தில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருக்கிறார். ஒரே வாக்குவாதம். "இது ஆட்டமே இல்ல! தோத்தவன் கோலிய முட்டியால தள்ளிக்கினு குழி வரைக்கும் போவணும். அதான் ஆட்டம். அத யாரும் மாத்தக் கூடாது!" என்கிறார். பையன்களோ, "ஐய, இங்க அதெல்லாம் கெடயாது தாத்தா" என்று சிரிக்கிறார்கள். அந்தச் சொல்லை நான் முன்பே கேட்டிருக்கிறேன், ஹபீபு. ஏழு வயதில் மாமு வீட்டுப் பிள்ளைகளோடு ஆடப் போய், "எங்க ஊரு ஆட்டம்தான் நெஜ ஆட்டம், மாத்தக் கூடாது" என்று அழுதுகொண்டு என் மடிக்கு ஓடிவந்தவன் நீ. அன்று உன்னைத் தூக்கிச் சமாதானம் செய்தவர்தான் இன்று மணலில் உட்கார்ந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது இடுப்பில் தம்பிப் பயலை வைத்துக்கொண்டு நின்ற ஒரு பெண், பத்து வயதிருக்கலாம், பையன்களை ஓர் அதட்டு அதட்டினாள். "டேய், தாத்தா பாவம்டா. நீங்க உங்க ஆட்டம் ஆடுங்க, அவரு அவரு ஊரு ஆட்டம் ஆடட்டும். இன்னா கெட்டுப் போச்சு?" அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஆட்டம் அப்படியே நடந்தது. அவர்கள் தோற்றால் அவர்கள் வழி, அத்தா தோற்றால் முட்டியால் தள்ளிக்கொண்டு போகிறார். அதில் அவருக்கு அத்தனை சந்தோஷம். பஸ் ஒன்று போய்விட்டது. நான் கூப்பிடவில்லை. மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பேச யாருமில்லை.

பிறகு நோன்பு வந்தது. உங்களுக்கு வேண்டாம், வயசாளிக்குக் கடமை இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். குழந்தைபோல அழுதார். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பினால் முதல் ஆளாக எழுந்துவிடுகிறார். நிய்யத்து அவர் வாயிலிருந்து ஒரு சொல் பிசகாமல் வருகிறது. வெயில் ஏறியதும் மறந்துபோகிறது. டப்பாவைத் திறந்து பொறை ரொட்டியை எடுத்துத் தண்ணீரில் நனைத்துச் சாப்பிடுகிறார். சாயங்காலம் பாங்கு சொன்னதும், பகல் முழுக்கப் பட்டினி கிடந்த முகத்தோடு பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்து துஆ கேட்கிறார். எனக்கு இது சரியா தவறா என்று தெரியவில்லை. மஸ்ஜிதில் தொழவைக்கிற ஹஜ்ரத் வீட்டுக்குப் போய்க் கதவுக்கு இப்பால் நின்று கேட்டேன். அவர் சொன்னார்: "மறந்து தின்னா நோம்பு முறியாதும்மா. தெம்பா கீறவன் மறந்து தின்னா ஞாபகப்படுத்தணும். தள்ளாதவரு தின்னா பாத்தும் பாக்காத மாதிரி போயிடணும். அது அல்லாஹ் அவருக்கு ஊட்டுறது. நடுவுல நீ போயி கையப் புடிக்காத." அன்றிலிருந்து அந்தப் பொறை டப்பா தீராமல் பார்த்துக்கொள்வதை என் நோன்பின் ஒரு பங்காக வைத்துக்கொண்டேன். நீ பயம் என்று எழுதியது இதைத்தான்.

இந்த நோன்பில் நீ வீட்டுக்கு வந்த அன்று என்ன நடந்தது என்று இப்போது என் பக்கத்திலிருந்து பார். நோன்புக் கஞ்சி ஊற்ற நம் கடையிலிருந்து வருஷா வருஷம் கொடுக்கிற கோப்பைகளை வாங்கிக்கொண்டு போக மஸ்ஜிதிலிருந்து இரண்டு பேர் வந்து கூடத்தில் நின்றார்கள். அத்தா பொறை தின்றுகொண்டிருந்தார். அவர்கள் இருவரும் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை அத்தனை கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் பார்க்க ஒன்றுமே இல்லை. ஊருக்கே தெரியும், தம்பி. நீ உள்ளிருந்து வந்து, "அத்தா! நோம்பு!" என்றாய். அவர் வாயில் இருந்ததைக் கையில் துப்பிக்கொண்டு நின்றார். அந்த ஒரு நிமிஷம் பழைய மனுஷர் முழுதாகத் திரும்பி வந்தார். தான் என்ன ஆகிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. அதனால்தான் அந்தக் கத்தல். "எனக்கே நோம்பு கத்துக் குடுக்க வந்துட்டியா? போடா! இனிமே இந்த வூட்டு வாசப்படிய மிதிக்காத!" நீயும் ரோஷக்காரன். நோன்புகூடத் திறக்காமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நான் பேரீச்சம்பழத்தைத் தாளில் மடித்துக்கொண்டு தெருமுனை வரை வந்தேன். நீ ஏறிய குதிரை வண்டி அதற்குள் ரயிலடிப் பக்கம் திரும்பிவிட்டது.

உன்மேல் குற்றமில்லை. இதை நான் மனசாரச் சொல்கிறேன். தெம்புள்ளவருக்கு ஞாபகப்படுத்த வேண்டும் என்பது நீ அறிந்த சட்டம். அத்தா தெம்பாக இருக்கிறார் என்று உனக்கு எழுதிக்கொண்டிருந்தவள் நான். கதவுக்குப் பின்னால் கோப்பை இருந்தது உனக்குத் தெரியாது. ஒரு கூடை உடைந்தது, கை வழுக்கியது, அவ்வளவுதான். அந்தத் தீர்ப்பைச் சொல்ல வேண்டியவர் அவர். அவரால் இப்போது முடியாது, அதனால் அவருக்குப் பதிலாக நான் சொல்கிறேன்.

மறுநாள் காலையில் என்ன கேட்டார் தெரியுமா? "தம்பி எங்க? நேத்து வந்த மாதிரி கீதே." வேலை இருந்தது, போய்விட்டான் என்றேன். "சொல்லாமயா போனான்? நோம்பு தொறந்துட்டுப் போவக் கூடாதா?" என்று என்மேல் கோபித்துக்கொண்டார். அதற்கு மறுநாளும் அதே கேள்வி. இன்று காலையும் அதே கேள்வி. அவருக்குச் சண்டை நினைவில் இல்லை, ஹபீபு. போ என்று சொன்னது நினைவில் இல்லை. வா என்று அவர் கூப்பிடட்டும் என்று நீ திருச்சியில் காத்திருக்கிறாய். போகச் சொன்னதே தெரியாதவர் எப்படிக் கூப்பிடுவார்? அந்தக் கோபம் இப்போது உலகத்தில் உன் மனசில் ஓர் இடத்திலும் என் மனசில் ஓர் இடத்திலும்தான் இருக்கிறது. எனக்குக் கல்யாணமானதிலிருந்து நடந்ததையெல்லாம் நாங்கள் இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு வந்தோம். உனக்கு முன்னால் பிறந்து தவறிப்போன இரண்டு பிள்ளைகளின் முகம் உட்பட. இப்போது பேச்சுவாக்கில் "அந்த வருஷம்..." என்று தொடங்குவேன். அவர் மரியாதையாகத் தலையாட்டுவார், யாரோ வாடிக்கைக்காரர் ஊர்க் கதை சொல்வதைக் கேட்பது மாதிரி. நான் பாதியில் நிறுத்திவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம். நினைவு மட்டும் ஓர் ஆளுக்குத்தான்.

உன் கடிதத்தை இன்னொரு தடவை எடுத்துப் பார். நீ அவசரத்தில் ஒரே வரியில் தாண்டிப்போன இடம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் முதலில் பெரியவர் சொன்னதே நியாயம் என்கிறார்கள், பிறகு எல்லோருக்கும் சரிசமம் என்கிறார்கள், அதற்கும் மேலே போனால் அவரவர் நிலையைப் பார்த்துச் சிறியவருக்கும் முடியாதவருக்கும் விட்டுக்கொடுக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். ஒருவர் மன்னிப்புக் கேட்க, மற்றவர் கூப்பிட, இருவரும் சமமாக நிற்பது உன் இரண்டாவது படி. மாமல்லபுரத்து மணலில் அந்தப் பெண் நின்றது அதற்கும் மேலே. ஹஜ்ரத் சொன்னதும் அந்த இடம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. என் படிப்புக்கு எட்டியதைச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்து. மறந்து உண்டவரின் நோன்பு முறியவில்லை என்றால், மறந்து மன்னித்தவரின் மன்னிப்பும் செல்லும். அதை அவர் முகத்துக்கு நேரே போய் ஞாபகப்படுத்திக் கெடுத்துவிடாதே.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். நீ அன்று செய்தது தெரியாமல் செய்தது. இதைப் படித்த பிறகு உனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் பெருநாளைக்கு வராமல் இருந்தால், அது ஒரே ஒரு கோப்பைதான். ஆனால் உனக்கு என்ன வழுக்கியது என்று கேட்க இந்த வீட்டில் ஆள் இல்லை. அதை நீயேதான் உன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

பிறை பார்க்க இன்னும் சில நாள்தான். வரும்போது மன்னிப்புக் கேட்காதே, காலில் விழாதே, அழாதே. அழுதால் எதற்கு என்று கேட்பார். உனக்குச் சொல்லத் தெரியாது. முடிந்தால் பொறை ஒரு பொட்டலம் வாங்கி வா, டப்பா தீர்ந்துகொண்டு வருகிறது. திருச்சி வண்டி செங்கற்பட்டுக்கு விடியற்காலையில் வருகிறது அல்லவா? சுபுஹு தொழுதுவிட்டு அத்தா தினமும் நேரே ஸ்டேஷனுக்குப் போகிறார். பின்னாலேயே முனுசாமியை அனுப்புகிறேன். அவன்தான் வந்து சொல்கிறான். வீட்டிலிருந்து கிளம்பும்போது, "தம்பியப் பாத்துட்டு வரேன்" என்கிறாராம். அங்கே போய்ச் சேர்வதற்குள் யாருக்காக வந்தோம் என்பது மறந்துவிடுகிறது. இருந்தாலும் திரும்பி வருவதில்லை. கடைசிப் பெட்டி காலியாகும் வரை நின்று, இறங்குகிற ஒவ்வொருவருக்கும் சலாம் சொல்கிறாராம். நீ இறங்கினால் உனக்கும் சொல்வார். அவர் உன்னைத் தெரிந்துகொண்டாரா இல்லையா என்று நின்று பார்க்காதே. பதில் சலாம் சொல்லி, கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வா.

உன் அம்மா